எந்த மொழியில் கண்டிக்கிறார்கள், எந்த மொழியில் பாராட்டுகிறார்கள்?

மகளுக்கு ஐந்து வயது நிறைவதற்கு முன்பே பள்ளி தேடத் தொடங்கிவிட்டோம். இருமொழிப் பள்ளிதான் வேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் இருந்தது. ஆங்கிலத்தை நன்றாகச் சொல்லித்தர வேண்டும், தமிழையும் கைவிடக் கூடாது என்றார் அவர். இரண்டு மொழியிலும் குழந்தை யோசிக்கப் பழக வேண்டும் என்றேன் நான். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏழு மாதம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய பிறகுதான் நடுவில் எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஏழு மாதத்தில் கற்றதை, இப்போது தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டு மொழி தமிழ், பள்ளி கொண்டுவரும் மொழி ஆங்கிலம். உங்களுக்கு அந்த இரண்டாவது மொழி பிரெஞ்சாகவோ ஜெர்மனாகவோ மலாயாகவோ இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

முதலில் போன பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே ‘இருமொழிக் கல்வி’ என்று எழுதியிருந்தது. எங்களை அழைத்துக்கொண்டு போன பொறுப்பாளர் அன்பானவர். விளையாட்டுத் திடலைக் காட்டினார், கணினிக் கூடத்தைக் காட்டினார். நான் முதல் வகுப்பின் கால அட்டவணையைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு எடுத்துக் கொடுத்தார். வாரத்துக்கு 40 பாடவேளை. தமிழுக்கு 5. அந்த ஐந்திலும் நான்கு, பிள்ளைகள் சோர்ந்துபோயிருக்கும் கடைசிப் பாடவேளைகள். கணக்கு, அறிவியல், ஓவியம், நூலகம், காலைக் கூட்டம் என்று மற்ற 35-உம் ஆங்கிலத்தில். “தமிழ் கட்டாயப் பாடம், விலக்கே கிடையாது” என்று பெருமையோடு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது இருமொழிப் பள்ளி அல்ல. தமிழைப் பாடமாக வைத்திருக்கும் ஆங்கிலப் பள்ளி.

மொழியைப் பாடமாகப் படிப்பது வேறு, மொழியால் பாடம் படிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. தமிழ் ஒரு பாடமாக மட்டும் இருக்கும் பள்ளியில், தமிழ் என்பது பாட்டுக்கும் கையெழுத்துக்கும் மனப்பாடத்துக்கும் உரியது என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. ஈரத் துணி ஏன் உலர்கிறது, காற்புள்ளி எங்கே வரும், முக்கால் ஏன் அரையைவிடப் பெரியது, பழைய வரைபடத்தில் ஆறு ஏன் வேறு பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் அந்த மொழியில் அவள் ஒருபோதும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. பத்து ஆண்டு கழித்து “எனக்குத் தமிழில் விளக்க வரவில்லை” என்று அவள் சொன்னால் அது அவள் குற்றமா? அந்த மொழிக்கு வேலையே கொடுக்காமல் விட்டது நாம்தானே. அதனால் பெயர்ப்பலகையையும் விளம்பரத் தாளையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்கத் தொடங்கினேன்: இந்த ஆண்டு என் குழந்தைக்கு முற்றிலும் புதிய ஒன்றைத் தமிழில் சொல்லித்தரும் பாடம் எது? ஒன்றாவது இருந்தால் மேலே பேசலாம். அந்தக் கேள்விக்கே விடை இல்லாவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த நாட்களில் கணவர் ஒரு வாதத்தோடு வந்தார். நிறையப் பெற்றோர் சொல்லும் வாதம் அது, அலட்சியமாகத் தள்ளக்கூடியதும் அல்ல. கனடாவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படிக்கவைத்தார்கள், அவர்களுடைய ஆங்கிலம் கெடவே இல்லை, அப்படியானால் நம் மகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தால் தமிழ் எப்படிக் கெடும் என்றார். அவர் சொன்ன செய்தி உண்மைதான். 1965-இல் மாண்ட்ரியல் நகரத்தை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளி நிர்வாகத்திடம் போராடி ஒரு மழலையர் வகுப்பைத் தொடங்கவைத்தார்கள். 26 குழந்தைகள். முதல் நாளிலிருந்து ஆசிரியர் பேசியது பிரெஞ்சு மட்டும். ஆங்கிலத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தருவதைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் பின்தங்கியவர்கள், ஆங்கிலப் பாடம் தொடங்கிய பிறகு விரைவில் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். பிரெஞ்சைப் புரிந்துகொள்வதிலோ மிக நன்றாகத் தேறினார்கள். மொழியில் தோய்த்தெடுக்கும் அந்த முறை பிறகு கனடா முழுவதும் பரவியது.

இதைப் படித்தபோது எனக்கும் கொஞ்சம் தடுமாற்றம்தான். இரண்டு நாள் யோசித்தேன். விடை லாம்பர்ட்டிடமே இருந்தது. அந்தக் குழந்தைகளின் வீட்டு மொழி, கண்டம் முழுவதும் செல்வாக்கோடு இருந்த ஆங்கிலம். வீட்டில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம், அப்பா அம்மாவின் அலுவலகத்தில் ஆங்கிலம். பள்ளி அதைத் தொடாமல் விட்டாலும் அது தானாக வளரும். அங்கே பிரெஞ்சு வந்து கூடுதலாகச் சேர்ந்துகொண்டது. வீட்டு மொழி செல்வாக்குக் குறைந்ததாக இருந்து, பள்ளி மொழி செல்வாக்கு மிக்கதாக இருந்தால் கதை நேர்மாறாகிவிடும் என்று அவரே எழுதினார். முதலாவதைச் சேர்க்கும் இருமொழியம் என்றும் இரண்டாவதைக் கழிக்கும் இருமொழியம் என்றும் பிரித்தார். கணவரிடம் நான் சொன்னது இதுதான்: “அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே காத்திருந்த மொழி ஆங்கிலம். நம் மகளுக்கும் வெளியே காத்திருப்பது ஆங்கிலம்தான். அப்படியானால் பள்ளி தாங்கிப்பிடிக்க வேண்டிய மொழி எது?” அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கனடாவைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பெற்றோரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு மொழிகளில் எது பள்ளி இல்லாவிட்டாலும் வந்துவிடும்? எது பள்ளி இல்லாவிட்டால் வராது? வீதியும் திரையும் நண்பர்களும் இலவசமாகக் கொடுக்கும் மொழிக்குப் பள்ளியின் பாதுகாப்பு தேவையில்லை. வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. அமெரிக்காவில் லிலி வாங் ஃபில்மோர் 1991-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பங்களிடம் எடுத்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கு முந்தைய வயதிலேயே ஆங்கில வகுப்புக்குப் போன பிள்ளைகள் பலர் வீட்டு மொழியைப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். பெற்றோருக்கோ ஆங்கிலம் சரியாக வராது. ஒரே கூரையின் கீழ் பெற்றவர்களும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேச ஒரு பொது மொழி இல்லாமல் போயிருந்தது. என் மகளுக்கும் என் மாமியாருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் தமிழ். அந்தப் பாலத்தின் மேல் நின்றுகொண்டுதான் நான் பள்ளி தேடினேன்.

இரண்டாவது பள்ளி கணக்குப்படி நேர்மையானது. கால அட்டவணையில் பாதிக்குப் பாதி. உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். ஆசிரியை ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி, மூச்சு விடுவதற்குள் அதையே தமிழில் சொன்னார். அக்கறையோடுதான் செய்தார். ஆனால் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தேன். ஆங்கிலம் வரும்போது ஜன்னலைப் பார்த்தன, தமிழ் வரும்போது திரும்பின. எப்படியும் இரண்டாவது முறை வரும் என்று தெரிந்த பிறகு முதல் முறை எதற்குக் கவனிக்க வேண்டும்? இப்படி வரிக்கு வரி மொழிபெயர்க்கும் வகுப்பில் இரண்டாம் மொழி காதுக்குப் பின்னணி ஓசையாகிவிடுகிறது. பிள்ளையும் அந்த மொழியில் தட்டுத்தடுமாறிப் பொருள் தேடும் உழைப்பிலிருந்து தப்பித்துவிடுகிறது. அந்த உழைப்புதான் கற்றல்.

இரண்டு மொழியும் ஒரே வகுப்பில் வரவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994-இல் ஒரு முறைக்குப் பெயர் வைத்தார். பாடத்தை ஒரு மொழியில் வாசித்து, இன்னொரு மொழியில் விவாதித்து எழுதுவது. அங்கே மொழி மாறும்போது குழந்தை செய்தியை மென்று செரித்துத் தன் சொல்லில் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. வேலை குழந்தையினுடையது. வரிக்கு வரி மொழிபெயர்ப்பில் வேலை முழுவதும் ஆசிரியருடையது. வகுப்பில் உட்கார இடம் கிடைத்தால் இதைக் கவனியுங்கள்: மொழி மாறும் இடத்தில் உழைப்பது யார்?

மூன்றாவது பள்ளியைப் பற்றி எழுதும்போது இப்போதும் கை கனக்கிறது. அதிலும் பாதிக்குப் பாதி. மொழிபெயர்ப்பு இல்லை. கணக்கு ஆங்கிலத்தில், சூழலியல் தமிழில். தாளில் பார்த்தால் நான் தேடியது இதுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் கழித்துத்தான் ஏதோ உறுத்தியது. “வரிசையில் நில்”, “பேசாதே”, “எத்தனை தடவை சொல்வது” எல்லாம் தமிழில் வந்தன. “மிக நன்று”, “அருமையாக எழுதியிருக்கிறாய்”, “எல்லோரும் இவளுக்குக் கைதட்டுங்கள்” எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் நடந்த சூழலியல் வகுப்பிலும் அப்படியே. பாடம் தமிழில், பாராட்டு ஆங்கிலத்தில். ஆசிரியர்கள் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அவர்களுக்கே அது தெரியாது. ஆனால் ஆறு வயதுக் குழந்தை இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தைக் கற்க முடியுமா? ஒன்று அடக்கும் மொழி, இன்னொன்று உயர்த்தும் மொழி. எத்தனை பாடவேளை ஒதுக்கினாலும் இந்தப் பாடத்தை அழிக்க முடியாது.

அன்று மாலை திரும்பும்போது நடைபாதையில் இன்னொன்றைப் பார்த்தோம். ஒரு சிறுமி கையில் குறிப்பேட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இடைவேளையில் தமிழில் பேசுகிறவர்களின் பெயர்களை அதில் எழுதுவது அவள் பொறுப்பு என்று அவளே சொன்னாள். ஆங்கிலம் விரைவாக வருவதற்கு ஒரு சிறு ஊக்கம் என்று நிர்வாகத்தில் விளக்கினார்கள். என் கணவர் அதுவரை எதையும் கடிந்து பேசாதவர். வெளியே வந்ததும், “தோழியைக் காட்டிக்கொடுக்கக் கற்றுத்தருகிற இடத்துக்கு நம் பிள்ளை வேண்டாம்” என்றார். எங்களுக்கு இடையே இருந்த வாதத்தில் பாதி அந்த வாசலில் தீர்ந்தது.

அதற்குப் பிறகு என் கண்கள் வேறு இடங்களைப் பார்க்கப் பழகின. சுவரில் எந்த மொழி, எந்த உயரத்தில்? தமிழில் எழுதியவை குழந்தைகளே எழுதியவையா, விழாவுக்காக அச்சடித்து ஒட்டியவையா? நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களின் முதுகு மடங்கியிருக்கிறதா, புதிதாக விறைப்பாக இருக்கிறதா? அறிவியல், விலங்குகள், விண்வெளி பற்றிய புத்தகம் தமிழில் ஒன்றாவது உண்டா, நீதிக்கதைகள் மட்டும்தானா? பெற்றோருக்கு வரும் சுற்றறிக்கை எந்த மொழியில்? ஆசிரியர் அறையில் தமிழாசிரியர் எங்கே உட்காருகிறார், பேச்சு நடக்கும்போது அவரையும் திரும்பிப் பார்க்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது, ஆனால் ஒரு நாள் போய்ப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். குளிர்பதன வசதி, நீச்சல் குளம், வாகனம் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றை அவர்களே காட்டுவார்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோம், அதனால் தமிழ் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குழந்தைக்குத் தெரிந்தது பேச்சுத் தமிழ். புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். வினைமுற்றுகள் வேறு, சொற்கள் பல வேறு, வாக்கியத்தின் நடையே வேறு. ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் தனித்தனி வேலைக்கென்று நிற்கும் இந்த நிலையை 1959-இல் சார்லஸ் ஃபெர்கூசன் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விவரித்தார். தமிழ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எழுத்துத் தமிழை எந்தக் குழந்தையும் மடியில் உட்கார்ந்து கற்பதில்லை. யாராவது கதை வாசித்துக் காட்ட வேண்டும், பள்ளியில் அதை நாள்தோறும் புழங்க வேண்டும். ஆகவே, தமிழை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம், பள்ளி ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு நம் மொழிக்குப் பாதிதான் பொருந்தும். பேச்சை வீடு காக்கும். எழுத்தை வீடு மட்டும் காப்பது மிகக் கடினம்.

எழுத்து என்றதும் 247 என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியரே சொன்னார், இருபத்தாறு எழுத்தை முதலில் முடித்துவிட்டு இதற்கு வரலாம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய், தனியே ஓர் ஆய்தம். குறிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் எழுத்துக்கூட்டி எதையும் வாசிக்கலாம். ஆங்கிலத்துக்கு எழுத்து குறைவு, ஒழுங்கும் குறைவு. ஆங்கிலத்தையும் வேறு 12 ஐரோப்பிய மொழிகளையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான சீமோரின் ஆய்வில், பெரும்பாலான மொழிகளில் குழந்தைகள் முதல் ஆண்டு முடிவதற்குள் சரியாக வாசிக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதே நிலைக்கு வர இரண்டு மடங்குக்கும் மேலான காலம் தேவைப்பட்டது. வாசிப்பு என்றால் என்ன என்பதை ஒழுங்கான எழுத்துமுறையில் பிடித்துக்கொண்ட குழந்தை, அந்தப் பிடியோடு அடுத்த மொழிக்குப் போகும். என் மகள் அப்படித்தான் போகிறாள் என்று இன்று சொல்வேன். ஒரு குழந்தையை வைத்துச் சட்டம் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

காலம் எவ்வளவு என்பதில்தான் பள்ளிகள் பெற்றோரை அதிகம் ஏமாற்றுகின்றன, அல்லது நாமே ஏமாந்துகொள்கிறோம். டொராண்டோவில் குடியேறிய மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது, பாடப்புத்தக மொழியில் மற்றவர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று கண்டார். இரண்டாம் ஆண்டில் குழந்தை கடகடவென்று ஆங்கிலத்தில் பேசுவதைப் பார்த்து நாம் பூரித்துப்போகிறோம். நான்காம் வகுப்பில் ஒரு பத்தியை வாசித்துக் காரணம் எழுதச் சொல்லும்போது அது திணறினால், கவனம் இல்லை, அறிவு போதவில்லை என்று அதன் மேல் பழி போடுகிறோம். அது இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. இதிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பிறக்கிறது: இருமொழி முறை எந்த வகுப்பு வரை? சில பள்ளிகள் முதல் இரண்டு வகுப்பில் தமிழில் சொல்லித்தந்துவிட்டு மூன்றாம் வகுப்பிலிருந்து முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. தமிழை ஏணியாக வைத்து ஏறிவிட்டு உதைத்துவிடுவது. அமெரிக்காவில் வெய்ன் தாமஸும் வர்ஜீனியா காலியரும் பெருந்தொகையான மாணவர்களின் பதிவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வீட்டு மொழியில் நீண்ட காலம் பாடம் படித்தவர்களே பின்னாளில் ஆங்கிலத்திலும் மேலே நின்றார்கள். தொடக்கப்பள்ளி முடியும்வரை இரண்டு மொழியும் பயிற்றுமொழியாக இருக்கும் என்று உறுதி சொல்லாத பள்ளியை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

விகிதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1963-இல் மயாமியின் கோரல் வே பள்ளியில், கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் நாளின் ஒரு பகுதியை ஸ்பானியத்திலும் மறு பகுதியை ஆங்கிலத்திலும் படிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பாதிக்குப் பாதி முறை இன்றும் பல இடங்களில் இருக்கிறது. முதல் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒரு மொழியில் தொடங்கி, ஆண்டுதோறும் குறைத்துச் சமநிலைக்கு வரும் முறையும் இருக்கிறது. இரண்டும் நன்றாக நடக்கலாம், மோசமாகவும் நடக்கலாம். ஆனால் குழந்தைகள் அந்த மொழியில் பேசவும் எழுதவும் எவ்வளவு வாய்ப்பு பெறுகிறார்கள் என்பது மிக முக்கியம். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சில் தோய்ந்த கனடியப் பிள்ளைகளுக்குக் கேட்டுப் புரிந்துகொள்வது அற்புதமாக வந்தது, பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் தங்கிவிட்டன. வகுப்பில் அவர்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருந்தார்கள் என்று 1985-இல் மெரில் ஸ்வெய்ன் சுட்டிக்காட்டினார். வகுப்பில் உட்காரும் ஒரு மணி நேரத்தில், ஒரு சொல்லுக்கு மேல் நீளமாக விடை சொன்ன குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். ஒரு பள்ளியில் ஒருவர்கூட இல்லை.

குழந்தை குழம்பிப்போகுமே என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். எங்கள் வீட்டிலும் மாமியார் கேட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிச் சொல்லும் கலந்து வந்தால் அது குழப்பம் அல்ல, கையில் இருப்பதையெல்லாம் வைத்துக் காரியம் நடத்துவது. ஒவ்வொரு மொழியிலும் சொல் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் குறைவதில்லை. பேச்சு உண்மையாகவே தாமதமாகும் குழந்தைக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும். அப்போது பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும், ஒரு மொழியை வெட்டிவிடுவது வைத்தியம் ஆகாது. இருமொழிக் குழந்தைகளுக்கு மூளைத்திறன் கூடும் என்று சில பள்ளிகள் விளம்பரத்தில் போடுகின்றன. ஆய்வாளர்களிடையே அதில் இன்னும் சண்டை தீரவில்லை. அந்த ஆசையால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு மொழியில் இரண்டு உலகத்து மனிதர்களோடு பேச முடிவதே போதாதா?

கடைசியில் நாங்கள் சேர்த்த பள்ளி சிறியது. கட்டடம் பழையது. நாங்கள் போன அன்று, ஓடிவந்த ஒரு பையன் நடைபாதையில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியை மண்டியிட்டு அவனிடம் தமிழில் பேசினார், காயத்தைத் துடைத்தார், அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்ததும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். யாரும் எதையும் திருத்தவில்லை. வகுப்புக்குள் போனோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கற்பலகையை நனைத்து வெயிலில் வைத்து, எவ்வளவு நேரத்தில் உலர்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ‘ஆவியாதல்’ என்ற சொல்லை ஒரு சிறுமி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள். அடுத்த வாரம் அதே சோதனையை ஆங்கிலத்தில் எழுதப் போவதாக ஆசிரியை சொன்னார். கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தக் கற்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரிடம் ஐந்தாம் வகுப்பு வரையிலான கால அட்டவணையைக் கேட்டோம். எடுத்து மேசைமேல் பரப்பி, எந்தப் பாடத்துக்கு எந்த மொழியில் ஆசிரியர் கிடைப்பது கடினமாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். குறையைச் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

சேர்ந்த பிறகு முதல் பத்து வாரம் என் மகள் ஆங்கில வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டில் நான் தவித்தேன். வகுப்பாசிரியர் தவிக்கவில்லை. புதிய மொழியில் விழுந்த குழந்தைகள் பலர் சில வாரமோ சில மாதமோ மௌனமாக இருப்பார்கள், காதில் விழுவதெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது, வற்புறுத்த வேண்டாம் என்றார். பதினோராம் வாரம் ஒரு நாள், பென்சில் சீவும் கருவியைத் தோழியிடம் திருப்பிக் கேட்க அவளுக்கு ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டது. சொல்லிவிட்டாள். அந்த மாலை பாட்டியிடம் அந்தக் கருவியின் கதை முழுவதையும் தமிழில் சொன்னாள், தோழி எப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள் என்பது வரை.

கணவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆங்கில வாசிப்பு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைவிடச் சற்று மெதுவாக இருக்கிறது என்கிறார். மெதுவாகத்தான் இருக்கிறது. அதற்காக நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். இரவில் ஒரு நாள் அவர் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுகிறார், மறுநாள் நான் எழுத்துத் தமிழில் வாசிக்கிறேன், கேட்ட கதையை அவள் பாட்டிக்குச் சொல்ல வேண்டும், எந்த மொழியில் கேட்டிருந்தாலும். மூன்றாம் வகுப்பு முடியும்போது மறுபடியும் உட்கார்ந்து பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அப்போது அவளால் ஒரு பக்கத்தை இரண்டு மொழியிலும் வாசித்துக் காரணம் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம். பள்ளியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நான்காம் வகுப்பின் கால அட்டவணையை அன்றைக்கே கேட்டு வாங்கப் போகிறேன்.